குளித்தால் போகும் சுணை

எனக்கு அரித்தது. இதில் என்ன அதிசயம் இருக்கிறது? தை மாதத்தில் எங்கள் பக்கம் அரிக்காத ஆள் யார்? ஒரத்தநாட்டைச் சுற்றிச் சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் நெல்மணியின் மேல் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத, பூமுடி போன்ற சுணை காற்றிலேயே பறக்கும். சட்டைக் காலருக்குள் புகும், ஜாக்கெட் கைக்குள் புகும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மேலிருந்து நம் மேல் தாவும். பேசிக்கொண்டே சொறிவோம், சொறிந்துகொண்டே டீ குடிப்போம். நானோ நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதும் வேலையில் இருந்தேன். என் மேசைக்கு அந்தப் பக்கம் தூற்றும் மிஷின். நாள் முழுக்க அது கக்கும் தூசியெல்லாம் எனக்குத்தான்.

போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் ஓட்டுவது அறுப்பு மிஷின். சாயங்காலம் வாசலுக்கு வரும்போது புருவத்தில்கூட வைக்கோல் தூசி இருக்கும். நான் நிலைப்படியிலேயே மறித்துவிடுவேன்.

"உள்ள வராதீங்க! நேரா அடிபைப்புக்குப் போங்க. உங்க சட்டையிலேர்ந்துதான் எனக்கு ஒட்டுது."

"பனி கொட்டுதுடி. வெந்நி வச்சுக் குடேன்."

"வெந்நி வைக்கிற வரைக்கும் அந்தச் சட்டையோட எங்க உக்காருவீங்க? என் தலையிலயா?"

பாவம், மனிதர் அந்தக் குளிரில் பல் கிட்டக் குளித்துவிட்டு வருவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்கு உடம்புக்கு ஆகாது.

அந்தத் தையில் நான் நாலு மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, போகாத ஆஸ்பத்திரியெல்லாம் போய், இனி இல்லை என்று நானே மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு தங்கிய பிள்ளை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூட்டை தூக்கும் அண்ணன்களிலிருந்து நெல் கொண்டுவரும் விவசாயிகள்வரை எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். இப்படிப்பட்ட நேரத்தில் அரிப்பையெல்லாம் யார் கணக்கில் எடுப்பார்கள்?

என் மாமியார் அதற்கும் ஒரு சந்தோஷமான காரணம் வைத்திருந்தார். கழுத்து, முதுகு, கால் என்று நான் சொறிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பாதி சுணை. மீதி, உள்ள புள்ளைக்கு முடி முளைக்குது. அதான் உனக்கு அரிக்குது. பொறக்கும்போதே சடை பின்னுற மாதிரி பொறக்கும் பாரு." வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டார். தேங்காய் எண்ணெய் தடவினார். நான் சொறிந்துகொண்டே குழந்தைக்கு எந்தக் கலரில் ரிப்பன் வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கழுத்துக்கும் காறை எலும்புக்கும் நடுவில் ஒரு கட்டி இருந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு கொட்டைப்பாக்கு அளவு. வலியே இல்லை. அதற்கும் எங்களிடம் பதில் இருந்தது. காலில் முள் குத்தினால் தொடையில் கட்டி வீங்கும், நெறி கட்டியிருக்கிறது என்போம். மார்கழியில் எனக்குச் சளி பிடித்திருந்தது. சளிக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் காரணம் கையில் இருக்கும்போது டாக்டரிடம் எதற்குப் போவது?

மாதாந்திரப் பரிசோதனைக்குத் தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது பிரசவம் பார்க்கும் டாக்டர்தான் கண்டுபிடித்தார். வயிற்றை அளந்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவிட்டார். குதிரை ஓடுவதுபோல் டபடபவென்று அது ஓடியதில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போதும் என் கை கழுத்தைச் சொறிந்துகொண்டுதான் இருந்தது. டாக்டர் என் கையை விலக்கிவிட்டுக் கட்டியைத் தொட்டார்.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"அதுவா மேடம்? சளிக்கு நெறி கட்டியிருக்கு."

அவர் ஒரு சீட்டு எழுதி அன்றைக்கே ரத்த நோய் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார். அவரும் ஒரு பெண்தான், என்னைவிடச் சின்ன வயசு. கழுத்து, அக்குள் எல்லாம் தடவிப் பார்த்தார். சாயங்காலம் காய்ச்சல் வருமா, வியர்க்கிறதா, எடை குறைந்ததா என்று கேட்டார். அரிப்பைப் பற்றிக் கேட்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சுணைங்க மேடம். நான் கொள்முதல் நிலையத்துல வேலை பாக்குறேன். எங்க வீட்டுக்காரர் அறுப்பு மிஷின் ஓட்டுறாரு. அரிக்காம என்ன செய்யும்?"

அவர் சிரித்தார். "நானும் குடவாசல் பக்கம் நெல்லு வெளையிற வீட்டுலதான் பொறந்தேன். சுணை எனக்கும் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குளிச்சா போகுதா?"

குளித்தால் போகாதது எப்படிச் சுணையாகும்? பிறந்ததிலிருந்து நெல்லுக்குள் கிடக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? எனக்குக் குளித்தால் அதிகமாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றினால் சொல்லவே வேண்டாம், தோலை உரித்துப் போட்டுவிடலாமா என்றிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். தினமும் என்னிடம் திட்டு வாங்கி அடிபைப்பில் குளித்துவிட்டு, அரிப்பே இல்லாமல் நிம்மதியாகத் தூங்கிய மனிதர். அவருக்கும் புரிந்துவிட்டது.

"போகல மேடம்," என்றேன்.

கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். குழந்தைக்கு ஆகாத ஸ்கேன்களை விட்டுவிட்டு, ஆகிற ஸ்கேன்களை மட்டும் எடுத்தார்கள். முடிவு வந்தது. நெறிக்கட்டிகளில் வரும் ரத்தப் புற்றுநோய். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ பிடுங்க வருவதுபோல் இருந்தது.

பிடுங்கத்தான் வந்தார்கள். சேதி கேட்டு வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் போய் நின்றன. "கலைச்சுட்டு வைத்தியத்தப் பாரு. உசுரு இருந்தா அப்புறம் பெத்துக்கலாம்." அப்புறமா! எத்தனை வருஷம் காத்திருந்து வந்தது என்று தெரிந்தவர்களே இப்படிச் சொன்னார்கள். "எல்லாரும் காபி குடிச்சாச்சா? கெளம்புங்க," என்று நான் கத்தியதில் வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். மாமியார் மட்டும் அடுப்பங்கரையில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். சுணை என்று சொன்னது தாம்தானே என்று அவருக்கு உறுத்தல். "நானுந்தான் அத்தை சொன்னேன். ஊரே அப்படித்தான் சொல்லியிருக்கும்," என்றேன்.

மறுபடி டாக்டரிடம் போனோம். பிரசவ டாக்டரும் ரத்த டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் தெரிந்திருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருந்திருக்கும். அப்போதுதான் பிள்ளைக்குக் கை, கால், இதயமெல்லாம் உருவாகும். இப்போது அதெல்லாம் உருவாகி முடிந்துவிட்டன. இந்த நோய்க்கான மருந்துகளை இனிமேல் கொடுக்கலாம், இப்படிக் கொடுத்துப் பல பேருக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்திருக்கிறது. கதிர்வீச்சு வைத்தியம் மட்டும் இப்போது கூடாது. மருந்தைத் தள்ளிப் போட்டால்தான் எனக்கு ஆபத்து.

வீட்டுக்காரர் திடீரென்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப, நட்ட நாத்து பச்சை புடிச்சிருச்சுன்னு சொல்றீங்க."

பிரசவ டாக்டர் விழித்தார். ரத்த டாக்டர் குடவாசல்காரராயிற்றே, அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்றைப் பிடுங்கி நட்டவுடன் பயிர் வெளுத்துப்போய் நிற்கும். அப்போது களைக்கொல்லி அடித்தால் களையோடு பயிரும் போய்விடும். வேர் பிடித்துப் பச்சை திரும்பிய பிறகு, சரியான மருந்தைச் சரியான அளவில் அடித்தால் பயிர் தாங்கிக்கொள்ளும்.

"ஆமாங்க, பச்சை புடிச்சிருச்சு," என்றார் அவர். "ஆனா எழுதிக் குடுன்னு கேட்டா நான் தர மாட்டேன். குழந்தை கொஞ்சம் எடை கம்மியா பொறக்கலாம், கொஞ்சம் முன்னாடியே பொறக்கலாம். நாங்க பாத்துக்கிட்டே இருப்போம். நீங்க ஒரு தடவைகூட வராம இருக்கக் கூடாது."

"வராம எங்க மேடம் போவேன்? வாசல்லயே படுத்துக்கிறேன்," என்றேன். எனக்குத் திடீரென்று அவ்வளவு தெம்பு வந்துவிட்டது. பயம் போகவில்லை. ஆனால் இனிச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறதே! எனக்கு வேலை இருந்தால் போதும்.

மருந்து ஏற்றிய முதல் நாள். ஒரு பாட்டிலில் இருந்த மருந்து ரோஸ்மில்க் கலரில் இருந்தது. அது குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் பிள்ளையிடம் போய் என்ன செய்யும்? கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அப்போது உள்ளே ஒரு உதை! அதுவரை மீன் நெளிவதுபோல லேசாகத்தான் இருக்கும். இது உதை, சந்தேகமே இல்லாத உதை.

"சிஸ்டர்! சிஸ்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா பதறி ஓடி வந்தார். "என்னம்மா, கை எரியுதா?"

"உதைக்குது சிஸ்டர்! தொட்டுப் பாருங்க!"

"இதுக்கா இப்புடிக் கத்துன? எனக்கு உசுரே போயிருச்சு," என்று அதட்டிவிட்டு, குனிந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "சண்டைக்கார புள்ளையா இருக்கும்போலருக்கு," என்றார். வேறு யாரைக் கொண்டு பிறக்கும்?

வாந்தியும் மயக்கமும் வந்தன. சாதம் வடிக்கிற வாசனையே ஆகவில்லை. அதையெல்லாம் விரித்துச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. சொல்ல வேண்டியது அந்தச் சாயங்காலத்தை. முதல் மருந்து ஏற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் உருவிக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும்! மாதக் கணக்கில் என் ஒரு கை சொறிவதற்கென்றே இருந்தது. அது இப்போது கீரை உருவுகிறது. கழுத்தைத் தொட்டேன். முதுகைக் கதவு நிலையில் தேய்த்துப் பார்த்தேன். ஓடிப்போய் வெந்நீர் எடுத்து முழங்காலில் ஊற்றினேன். எங்கேயும் இல்லை. அரிப்பு இல்லை!

தலைகால் புரியாமல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தாளடி அறுப்பு, யாரோ ஒருவருடைய வயலில் மிஷினில் இருந்தார்.

"அரிக்கலைங்க!"

"என்ன? சத்தத்துல கேக்கல!"

"அரிக்கல! அரிக்கவே இல்ல!"

மிஷினை அப்படியே நடு வயலில் நிறுத்திவிட்டார். டீசல் தீர்ந்துவிட்டதா, பெல்ட் அறுந்துவிட்டதா என்று வயல்காரர் வரப்பில் ஓடி வருவது போனிலேயே கேட்டது. "மிஷினுக்கு ஒண்ணுமில்லண்ணே. எங்க வீட்டுல அரிப்பு நின்னு போச்சு," என்று இவர் சொல்ல, அந்த மனிதர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை. மறுபடி நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கொட்டைப்பாக்கு புளியங்கொட்டையாகியிருந்தது. டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு என் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

முடி கொட்டியது. ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் பூ வைத்துப் பின்ன என்னிடம் சடை இல்லை. கண்ணாடி வளையல் உடைந்து கீறினால் அந்த நேரத்தில் புண் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடித்தால் ஆபத்து, அதனால் வேண்டாம் என்றிருந்தார் டாக்டர். கூட்டமும் கூடாது. மாமியார் தஞ்சாவூர்க் கடைத்தெருவில் அலைந்து பித்தளை வளையல்களாக வாங்கி வந்தார். "பிளாஸ்டிக் வாங்கலாம்னா சத்தம் வராதே. உள்ள இருக்குறதுக்குக் கேக்க வேண்டாமா?" என்றார். அடேயப்பா, அந்தச் சத்தம்! நான் கையை ஆட்டினால் கோயில் மாடு வருவதுபோல் இருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டின் மேல் மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். கலவை சாதம் மட்டும் ஐந்து விதமும் சாப்பிட்டேன்.

ஒவ்வொரு முறை ஸ்கேன் எடுக்கும்போதும் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வளர்ந்திருக்கிறது என்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போனை எடுத்து எல்லோருக்கும் அறிவித்துவிடுவேன். பிரசவத்துக்குச் சில வாரம் முன்னால் மருந்தை நிறுத்தினார்கள், என் ரத்தம் தேறிக்கொள்வதற்கு. ஆனி மாதம், வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்த நேரம், வலி வரவைத்து அவளைப் பிறக்கவைத்தார்கள்.

பெண் குழந்தை! எடை கொஞ்சம் கம்மிதான். ஆனால் அழுகையில் ஒரு குறையும் இல்லை, வார்டே திரும்பிப் பார்த்தது. கை இரண்டு, கால் இரண்டு, விரல் அத்தனையும் எண்ணிப் பார்த்தேன். தலையில்? கருகருவென்று, நெற்றியை மறைக்கிற அளவுக்கு முடி! மொட்டைத் தலையோடு நான் படுத்திருக்கிறேன், பக்கத்தில் இவள் சடை போடுகிற அளவுக்கு வைத்துக்கொண்டு கிடக்கிறாள். மாமியார் பார்த்தார். அவ்வளவு நாள் தலை குனிந்து திரிந்த மனுஷி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லல? புள்ளைக்கு முடி முளைக்குதுன்னு சொன்னேனா இல்லையா?"

ரத்த டாக்டரும் அந்த நேரம் அங்கே இருந்தார். "பாதி சரியாத்தான் சொல்லியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாராலும் மாமியாரைப் பிடிக்க முடியவில்லை.

பால் கொடுக்க முடியவில்லை. மிச்ச மருந்தையும் ஏற்ற வேண்டும், அது பாலில் இறங்கும் என்றார்கள். அது மட்டும் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. பால் கட்டி நெஞ்சு கனக்க, பாட்டிலில் அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்துக்குள் வைத்தியம் முடிந்தது. பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். "இப்ப நோய் எங்கயும் தெரியல," என்றார் டாக்டர். "ஆனா பாத்துக்கிட்டே இருக்கணும். கட்டி, காய்ச்சல், அரிப்பு, எது வந்தாலும் ஒடனே வரணும்." நல்ல வார்த்தையையும் பயத்தையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்ததுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுபடி தை வந்தது. நான் இன்னும் வேலைக்குப் போகத் தொடங்கவில்லை. குத்தகைக்கு எடுத்திருந்த எங்கள் வயலில் அறுப்பு. மிஷினில் அவரே உட்கார்ந்திருந்தார். வீட்டில் கிடக்க எனக்குப் பொறுக்குமா? மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றுவிட்டேன். மிஷின் திரும்பும்போதெல்லாம் நெல் தூசி என் மேல் வந்து விழுந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கழுத்தில் அரித்தது.

கட்டி இருந்த அதே பக்கம். சொறியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். குளித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனாலேயே குளிக்கப் போகவில்லை. குளித்தும் அரிப்பு போகவில்லை என்றால்? பாயில் கவிழ்ந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தேன். நோய் தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்காரர், நான் சொல்லாமலே வயலில் மோட்டார் கொட்டகையில் குளித்து, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். நான் அவரைத் திட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு எங்கள் சொந்த நெல் என்ற மகிழ்ச்சியில் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. புருவம் முழுக்கத் தூசியோடு நேராக உள்ளே வந்து, கைநீட்டிய மகளை அள்ளி எடுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்துவிட்டார். அவள் நெளிந்தாள். முகத்தை அவர் சட்டையில் தேய்த்தாள். பிறகு வீல் என்று கத்தினாள்.

"ஐயோ, சுணை! புள்ளைய எறக்குங்க! குளிக்காம உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? அறிவிருக்கா உங்களுக்கு?"

என்னை மீறி வந்துவிட்டது. அவர் அப்படியே நின்றார். முகம் மலர்ந்தது. "திட்டுறா! அம்மா, இவ திட்டுறா!" என்றார் மாமியாரிடம். சொல்லிக்கொண்டே என் கையைப் பார்த்தார். அது கழுத்தில் இருந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"உனக்கும் அரிக்குதா?"

தலையை ஆட்டினேன்.

"குளிச்சியா?"

"இல்ல. பயமா இருக்குங்க."

மகளை மாமியாரிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்து அடிபைப்புக்குக் கூட்டிப் போனார். சேலையோடு கீழே உட்கார்ந்தேன். அவர் பைப்பை அடித்தார். பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தது. அப்போதுதான் வளர்ந்திருந்த குட்டை முடிக்குள் இறங்கி, கழுத்தில் வழிந்து, முதுகில் ஓடியது. பல் கிட்டியது. சோப்புப் போட்டேன். மறுபடி அடித்தார். நிறுத்தினார். இரண்டு பேரும் காத்திருந்தோம். உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கழுத்தில் ஈரம் மட்டும்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன்.

"போயிடுச்சுங்க."

"நெசமாவா?"

"போயிடுச்சு! குளிச்சதும் போயிடுச்சு!"

அவர் பைப்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். நான் எழுந்து, சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு, "உக்காருங்க, நான் அடிக்கிறேன்," என்றேன். சட்டையோடு உட்கார்ந்தார். அடித்தேன், கை ஓயும்வரை அடித்தேன். அரிப்பெல்லாம் போயிருச்சு, குளிருது, போதும் என்றார். போதாது என்றேன்.

மறுவாரம் டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னார். எனக்கு அது அன்றைக்கே தெரியும். நாங்கள் ஈரத்தோடு உள்ளே போனபோது மாமியார் மகளை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டித் துண்டில் சுற்றியிருந்தார். அழுகை நின்றிருந்தது. அன்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு அரித்தது. மூன்று பேருக்கும் சுணைதான்.